முதலாம் எண் பெட்டி

எங்கள் பெட்டியைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். “மாற்றுச் சாவி கிடையவே கிடையாதா?” கிடையாது. மாற்றுச் சாவி வேண்டும் என்று ஒரு காலத்தில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டவனே நான்தான். ஆகவே இந்தப் பதிலைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

என் பெயர் முனீஸ். ஊர் சாத்தூர். கடலை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. அப்படிப்பட்டவனைத்தான் கடல் வரைபடம் செய்ய வா என்று மெற்றில்டா அக்கா கூப்பிட்டார். கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் மூத்தவர். “ஒனக்குக் கடலும் தெரியாது, இஞ்ச சொந்தக்காரன் எவனும் கெடையாது. அதுக்காக்கும் கூப்பிடுதேன்” என்றார். இந்த இரண்டையும் தகுதியாக எண்ணி ஒருவர் வேலை கொடுத்ததை அன்றைக்கு நான் கிண்டல் என்றே நினைத்தேன்.

மிக்கேல்துறை, கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் ஒரு மீனவ ஊர். ஐஸ் பிளான்ட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். முதல் வாரத்திலேயே அக்கா என்னை ஒரு வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப் போனார். நான் வாந்தி எடுத்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டுக் கரையைக் காட்டினார்.

“கோயில் கோபுரம் தெரியுதா? அதுக்குப் பின்னால மலையில ஒரு முனை. ரெண்டும் இப்ப ஒரே நேரா நிக்குது. அது ஒரு கோடு. கெழக்க பாரு, லைட்ஹவுசும் அந்த மொட்ட மலையும் ஒரே நேரா நிக்குது. அது ரெண்டாவது கோடு. ரெண்டு கோடும் வெட்டுற எடத்துல நாம நிக்கோம். நமக்குக் கீழ ஒரு பார் கெடக்கு.”

“பார்னா?”

“கடலுக்கு அடியில கெடக்க பாறை. மீனுக்க வீடு. அதுக்கு நேரா வந்து நிக்கதுக்கு இந்த நாலு அடையாளத்தையும் கடலுக்குப் போறவன் மனசுல வச்சிருப்பான். இதுக்குப் பேரு கணியம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணியம் உண்டு. அத எவனும் வெளிய சொல்ல மாட்டான்.”

“அதான் ஜிபிஎஸ் இருக்கேக்கா. குறிச்சு வச்சுக்கிட்டா முடிஞ்சது.”

“குறிச்சு வச்சா கரைக்கு வந்ததும் அடுத்தவன் எடுத்துப் பாப்பான். அதனால ஒருத்தனும் குறிக்க மாட்டான். குறிச்சாலும் ரெண்டு மைல் தள்ளித்தான் குறிப்பான். எங்க போற எண்ணு கேட்டா தெக்க போறவன் மேற்க கையைக் காட்டுவான். பொண்டாட்டிகிட்டயும் பொய்தான்.”

“பொண்டாட்டிகிட்ட எதுக்கு?”

“அவளுக்கு ஒரு அண்ணன் இருப்பாம்லா.”

நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தம் அப்பாவைப் பற்றிச் சொன்னார். பெயர் மெல்கியாஸ். அக்காவுக்குப் பதினாலு வயதாக இருந்தபோது ஒரு புயலில் மாட்டிக்கொண்டார். “மேற்குப் பாருக்குப் போறேன்” என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மீட்புக் கப்பலில் வந்தவர்களிடம் அம்மா அதையே சொன்னார். மூன்று நாள் மேற்கே தேடினார்கள். ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. அப்பா சொன்ன பொய்யை அம்மா உண்மை என்று நம்பிச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

“அதனால ஒண்ணு செய்யணும். பொய் சொல்ல வேண்டாத ஒரு மேப்பு” என்றார் அக்கா.

சொல்ல எளிது. செய்ய நான்கு வருடம் ஆயிற்று. அக்காவின் மூளையைப் பார்த்து நான் வாயைப் பிளந்த நான்கு வருடம் என்றும் சொல்லலாம். பெட்டி என்று நாங்கள் சொல்வது வள்ளத்தில் இருக்கும் வெறும் கண்ணாடித் திரை. காய் வெட்டும் பலகை அளவுதான் இருக்கும். அதற்குச் சொந்த மூளை கிடையாது. மூளை நாகர்கோவிலில், பெரிய கணினி ஒன்றுக்குள் இருக்கிறது. அந்தக் கணினிக்குள் ஒவ்வொரு வள்ளத்துக்கும் தனித்தனியாக ஓர் அறை. காற்று, நீரோட்டம், கப்பல் வழி என்று உலகத்துச் செய்தி எல்லாம் அந்த அறைக்குள் போகும். அறையிலிருந்து வெளியே வருவது அந்த வள்ளத்தின் திரைக்கு மட்டும்தான் வரும். பக்கத்து அறைக்குப் போகாது. எனக்கும் வராது, அக்காவுக்கும் வராது. அறையைத் திறக்கும் சாவி மீனவனின் கணியம். திரையில் வரும் கரையின் படத்தில் தன்னுடைய நான்கு அடையாளத்தையும் வரிசையாக விரலால் தொட்டால்தான் கதவு திறக்கும். ஒரு வீட்டின் ரகசியத்தையே அந்த வீட்டுக்குப் பூட்டாகப் போட்ட அந்த யோசனைக்கு நான் இன்றுவரை தலை வணங்குகிறேன்.

வள்ளம் நிற்கும் இடம் அறையிலிருந்து வெளியே வர ஒரே ஒரு வழிதான் உண்டு. வள்ளத்தில் இருப்பவன் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அவன் நிற்கும் இடம் எங்களுக்குத் தெரியும்.

“அழுத்த முடியாமப் போனா? மயங்கிட்டா? திரையே தண்ணிக்குள்ள போயிட்டா?” என்று கேட்டேன். “நம்மகிட்ட ஒரு மாத்துச் சாவி இருக்கட்டும்க்கா. அதைப் பூட்டி வச்சிருவோம். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் எடுப்போம்.”

“ஒரு சாவி இருக்குண்ணு தெரிஞ்சா போதும் முனீசே, அவன் நம்ம பெட்டிக்கும் மேற்க கையைக் காட்டுவான்.”

அன்றைக்குத்தான் மேசையைத் தட்டினேன். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் அக்கா என் அறைக்கு மீன்குழம்பு கொடுத்து அனுப்பினார். சாவியை அல்ல.

முதல் பெட்டியை யாருக்குக் கொடுப்பது என்று நான் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். படித்தவர்கள், இளவயதுக்காரர்கள், எங்களோடு பேசிப் பழகுகிறவர்கள். அக்கா பட்டியலைப் பார்க்கவே இல்லை. முதலாம் எண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக வென்சிலாஸ் வீட்டுக்குப் போனார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரிலேயே சிடுமூஞ்சி என்றால் அந்த மனிதர்தான். அக்கா தெருவில் வந்தால் எதிர்ப்பக்கம் மாறி நடப்பார். அவருக்கு எதற்கு என்று கேட்டதற்கு அக்கா, “அவருக்குத்தான் முதல்ல வேணும்” என்றார். பெட்டியை வாங்கிக்கொண்ட வென்சிலாஸ் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்பதை நான் பல நாள் மனத்தில் வைத்திருந்தேன்.

ஏழு வருடத்தில் ஊரின் அறுபத்தொரு வள்ளங்களுக்கும் பெட்டி வந்துவிட்டது. அந்த ஏழு வருடமும் ஓர் ஆள்கூடக் கடலில் சாகவில்லை. “ஒனக்கு நேரா காத்து வருது, திரும்பு” என்று பெட்டி சொன்னால் வள்ளம் திரும்பிவிடும். தான் நிற்கும் உண்மையான இடம் பெட்டிக்குத் தெரியும் என்பது மீனவனுக்குத் தெரியுமே. எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பலகை உண்டு. அதில் அறுபத்தொரு விளக்குகள். கரையில் இருந்தால் வெள்ளை, கடலில் இருந்தால் பச்சை, ஆபத்து என்றால் சிவப்பு, தொடர்பு அறுந்தால் சாம்பல் நிறம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

போன அக்டோபரில், ஒரு சனிக்கிழமை காலை, அந்தப் பலகையில் அறுபது விளக்குகள் வெள்ளையாகவும் ஒன்று சாம்பலாகவும் இருந்தன.

புயல் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. பெட்டிகள் விடிவதற்கு முன்பே எல்லாரையும் திருப்பிவிட்டன. எட்டு மணிக்குள் அறுபது வள்ளம் கரையேறியது. நாற்பத்திநான்காம் எண் வரவில்லை. அது ததேயுஸின் வள்ளம். அவரும் இன்னும் இரண்டு பேரும் போயிருந்தார்கள். ஐந்தேமுக்கால் மணிக்குத் தொடர்பு அறுந்திருக்கிறது. சிவப்புப் பொத்தானை யாரும் அழுத்தவில்லை.

ததேயுஸின் மனைவி கிளாடிஸ் மாடிப்படி ஏறி வந்து பலகைக்கு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் ஓர் அதிகாரி வந்தார். மீட்புப் பணிக்குப் பொறுப்பாக வந்தவர், ராஜமாணிக்கம் என்று பெயர். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“கப்பல் தயாரா இருக்கும்மா. ஹெலிகாப்டரும் வருது. எங்க போகணும்னு சொல்லுங்க, போதும்” என்றார் அக்காவிடம்.

“எனக்குத் தெரியாது சார்.”

“உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியும்ல?”

“அந்த அறைக்குத் தெரியும். அதத் திறக்க என்னால ஆகாது. தெறக்க மாட்டேன் எண்ணு சொல்லல்ல. முடியாது. சாவி ததேயுசுக்கு மட்டும்தான் தெரியும்.”

“எந்தப் பூட்டுக்கும் இன்னொரு சாவி இருக்கும்மா.”

“இதுக்கு இல்ல.”

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நான் வெடித்துவிட்டேன். “நான் அன்னைக்கே சொன்னேன்க்கா! ஒரு சாவி, ஒரே ஒரு சாவி இருந்திருந்தா இந்நேரம் கப்பல் அங்க போயிருக்கும். உங்க பிடிவாதத்துக்கு மூணு உயிரா?” கிளாடிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டேன். கணவனுக்கு என்ன ஆயிற்றோ என்று நிற்கிற ஒரு பெண்ணுக்கு முன்னால் நான் என் பழைய சண்டையை ஜெயிக்கப் பார்த்திருக்கிறேன்.

அக்கா கோபப்படவில்லை. “சாவி இருந்திருந்தா ததேயுசு இந்தப் பெட்டியக் கடலுக்கே கொண்டு போயிருக்க மாட்டான் முனீசே” என்றார். பிறகு கிளாடிஸைப் பார்த்து, “எங்க போறேன் எண்ணு ஒன்கிட்ட சொன்னானா பிள்ளே?” என்று கேட்டார்.

“மேற்க எண்ணு சொன்னாரு” என்றார் கிளாடிஸ். மேற்கு என்ற சொல்லுக்கு அந்த ஊரில் என்ன மதிப்பு என்று அவருக்கும் தெரியும்.

அக்கா பலகையில் இருந்த சாம்பல் விளக்கைப் பார்த்தார். திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“பொட்டலம். கைமாத்துன பொட்டலம் எல்லாம் எங்க இருக்கு?”

எனக்குப் பொறி தட்டியது. கரையிலிருந்து தூரம் போய்விட்டால் திரையின் ரேடியோ நேராகக் கரைக்கு எட்டாது. ஒரு வள்ளம் தன் செய்தியைப் பொட்டலமாகக் கட்டிப் பக்கத்தில் இருக்கும் வள்ளத்திடம் கொடுக்கும். அது அடுத்ததிடம் கொடுக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று நடுவில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் இன்ன எண்ணுடைய பொட்டலத்தை, இத்தனை மணிக்கு, இந்தத் திசையிலிருந்து வாங்கிக் கொடுத்தேன் என்ற குறிப்பு அந்தந்த வள்ளத்தின் அறைக்குள் இருக்கும். ததேயுஸின் பொட்டலத்தை வாங்கிய மூன்று நான்கு வள்ளங்கள் எங்கே நின்றன, எந்தத் திசையிலிருந்து வாங்கின என்று தெரிந்தால் ததேயுஸ் நின்ற இடம் தெரிந்துவிடும்.

“ஆனா அந்தக் குறிப்பும் பூட்டின அறைக்குள்ளதான இருக்கு. யாரோட அறைன்னும் தெரியாது” என்றேன்.

“ஆமா. அதனால அறுவது பேரும் தெறக்கணும்.”

“அவங்க நின்ன இடம் நம்ம கண்ணுல படுமே! ஒருத்தர் கண்ணுலயும் படாம கணக்குப் போட்டுச் சொல்ற மாதிரி ஒரு அறை கட்டலாம். ஆனா அதுக்கு ஒரு வாரம் ஆகும்.”

“ஒரு வாரம் இருக்கா நமக்கிட்ட?” என்று கேட்டுவிட்டு அக்கா படியிறங்கினார்.

கோயில் முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. மழை விட்டிருந்தாலும் காற்று ஓயவில்லை. அக்கா சுற்றி வளைக்காமல் சொன்னார். “ததேயுசுக்க செய்தி உங்கள்ல யாருக்கெல்லாமோ வள்ளம் வழியாத்தான் வந்திருக்கு. நீங்க ஒவ்வொருத்தரும் ஒங்க பெட்டியத் தெறந்து காட்டினா அவன் எங்க கெடக்கான் எண்ணு சொல்லிருவேன். தெறந்தா ஒங்க பாரும் தெரியும். நான் பாப்பேன், முனீசு பாப்பான். வேற எவனும் பாக்க மாட்டான். வேல முடிஞ்சதும் ஒங்க கண்ணு முன்னால அழிச்சிருவேன். இதுக்கு மேல சொல்ல எனக்கிட்ட ஒண்ணும் இல்ல.”

யாரும் அசையவில்லை.

அவர்களைக் கெட்டவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த அறுபது பேரில் ஒவ்வொருவரும் ததேயுஸுக்காக அந்தக் காற்றிலும் வள்ளத்தைத் தள்ளத் தயாராக இருந்தார்கள். உயிரைக் கொடு என்றால் கொடுப்பார்கள். ஆனால் கணியம் அவர்களுடையது மட்டும் அல்ல. அப்பா கொடுத்தது, பிள்ளைக்குப் போக வேண்டியது. அதைச் சொல்லக் கூடாது என்று தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து பழகியவர்களிடம் போய் ஒரு காலை நேரத்தில் சொல் என்றால் வாய் எப்படித் திறக்கும்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளாடிஸ் சிலுவை நட்ட குருசடியின் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் யாரையும் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் இரண்டு கையாலும் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். வென்சிலாஸ். அறுபத்தைந்து வயது. அக்காவுக்கு முன்னால் வந்து நின்று, என் கணக்கில் பதினோரு வருடத்தில் முதன்முறையாக, அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“எங்க வரணும்?”

பங்குச் சாமியார் பீடத்துக்குப் பின்னால் இருந்த, பூசை உடுப்பு மாற்றும் சிறிய அறையைத் திறந்துவிட்டார். ஒரு மேசை, மூன்று நாற்காலி. மேசையில் எங்கள் பெரிய திரையை வைத்தோம். வென்சிலாஸ் உட்கார்ந்தார். கரையின் படம் வந்தது. கோபுரத்தைத் தொட்டார், மலை முனையைத் தொட்டார், லைட்ஹவுசைத் தொட்டார், நான்காவதாக ஒரு பனைத் தோப்பைத் தொட்டார். கதவு திறந்தது. கடல் விரிந்தது.

தெற்கே, தனியாக, ஒரே ஒரு பார். பாருக்குப் பெயர் வைத்துக்கொள்ளும் வசதி பெட்டியில் உண்டு. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ‘மெல்கியாஸ்’ என்று எழுதியிருந்தது.

அக்காவின் அப்பா பெயர். வென்சிலாஸ் அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

“இஞ்சதான் பிள்ளே. அண்ணைக்கு…”

“மாமா” என்றார் அக்கா. அவர் குரல் எப்போதும்போலவே இருந்தது. “ததேயுசுக்கப் பொட்டலம் ஒங்க வழியா நாலு மணிக்கு ஒரு தடவ வந்திருக்கு. மேற்க இருந்து இல்ல, தெங்கிழக்க இருந்து. இது போதும். அடுத்த ஆள வரச்சொல்லுங்கோ.”

அவர் எழுந்து கதவு வரை போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். வெளியே போய், “தெறந்துட்டேன். என்னலே பாத்துட்டு நிக்கிய?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தியது எங்களுக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு வரிசை நின்றது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கிற மாதிரி, ஒருவர் வெளியே வந்த பிறகு இன்னொருவர் என்று, தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். சிலர் உட்காரும்போது சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருவர், “முனீசு கொஞ்சம் கண்ண மூடட்டும்” என்றார். மூடினேன். கடலும் தெரியாத, ஊரில் சொந்தக்காரனும் இல்லாத ஒரு சாத்தூர்க்காரனை அக்கா ஏன் தேடிப் பிடித்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இடம் எதுவென்று சொல்ல மாட்டேன், எனக்குச் சொல்லவும் தெரியாது. பதினோராவது ஆள் காட்டிய பாரும் நான்காவது ஆள் காட்டிய பாரும் ஒன்றாக இருந்தன. பதினாறாவது ஆளும் அதையே காட்டினார். கடைசியில் எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது பேருக்கு ஒரே பார். ஒவ்வொருவரும் அது தன் வீட்டுக்கு மட்டும் தெரிந்த இடம் என்று நினைத்து, மூன்று தலைமுறையாகப் பொய் சொல்லிப் பாதுகாத்து வந்திருக்கிறார்கள். அந்தப் பத்தொன்பது பேரில் கடைசி ஆள், “இது எனக்க பூட்டன் கண்ட பாராக்கும், வேற ஒரு குஞ்சுக்கும் தெரியாது” என்றபோது எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மேசைக்கு அடியில் அக்கா என் காலை நன்றாக மிதித்தார்.

ஒன்றரை மணிக்கு எங்களிடம் ஐந்து கோடுகள் இருந்தன. ஐந்தும் ஒரு கையகல இடத்தில் வெட்டிக்கொண்டன. நீரோட்டத்தைக் கணக்குப் போட்டு அக்கா ஒரு வட்டம் வரைந்து ராஜமாணிக்கத்திடம் கொடுத்தார். மூன்று நாற்பதுக்குச் செய்தி வந்தது. கவிழ்ந்த வள்ளத்தின் மேல் மூன்று பேரும் கிடந்தார்கள். முதல் அலையிலேயே திரை தண்ணீருக்குள் போய்விட்டதாம். ஒருவருக்குக் கை முறிந்திருந்தது. மூவருக்கும் உயிர் இருந்தது.

கிளாடிஸ் அப்போதுதான் அழுதார். முற்றத்தில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. என்னையும் யாரோ கட்டிப்பிடித்தார். மீன் வாடையும் மழை வாடையுமாக இருந்தது. நானும் அழுதேன், அதிலொன்றும் வெட்கமில்லை.

ராஜமாணிக்கம் திரைப் பக்கம் வந்து நின்றார். “இந்த மேப் ரொம்ப அருமையா இருக்கும்மா. எல்லாப் பாரும் ஒரே இடத்துல. நாளைக்கு இன்னொரு புயல் வந்தா உபயோகப்படும். ஒரு காப்பி இருந்தா நல்லது” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்றைய காலையில் நான் பேசியதைத்தான் அவர் சாயங்காலம் பேசினார்.

“இத வச்சிருந்தா அடுத்த புயலுக்கு ஒருத்தனும் உண்மை சொல்ல மாட்டான் சார்” என்று பதில் சொன்னது அக்கா இல்லை. நான்.

அறுபது பேரும் வரிசையாக வந்து, ஒவ்வொருவரும் தன் விரலாலேயே அழித்தார்கள். வென்சிலாஸ் கடைசியாக வந்தார். அந்தப் புள்ளி மறையும்போது அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பி நடக்கும்போது நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். “அக்கா, அப்பா போன இடம் அதுதானே? இருபத்திரண்டு வருசமா நீங்க தேடின இடம். அது அழியுறதப் பாத்துக்கிட்டு எப்படி நின்னீங்க?”

“நான் தேடல்லியே” என்றார்.

“தேடலையா?”

“எனக்கு முன்னமே தெரியும் முனீசே.” நடையை நிறுத்தாமல் சொன்னார். “தேடுற ஆபீசரு இதே முற்றத்துல ஒரு மேசை போட்டு மேப்பை விரிச்சு வச்சிருந்தாரு. அம்மை மேற்கக் காட்டினா. வென்சிலாஸ் மாமாவுக்குக் கையில கெளுத்தி முள்ளு குத்தி வீங்கிக் கெடந்துது, அதனால அவரு அண்ணைக்குக் கடலுக்குப் போவல. அவரும் அப்பாவும் சேந்து கண்ட பாராக்கும் அது. ரெண்டு பேருக்குத்தான் தெரியும். மாமா கட்டுப் போட்ட வெரலைக் கொண்டு வந்து மேப்புல தெக்க ஒரு எடத்துல வச்சாரு. ஆபீசரு நிமிந்து பாத்தாரு. சுத்தி நிண்ண ஊரும் பாத்துது. மாமா வெரலை எடுத்துட்டாரு. ஈ ஓட்டுனது போல கைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. நான் மேசைக்கு இஞ்சப் பக்கம் நிண்ணேன்.”

“நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?”

“பதினாலு வயசு. எனக்கு அது என்னாண்ணு அப்பம் தெரியல்ல. மேப்பு படிக்கப் படிச்ச பெறகுதான் அந்த வெரலு என்ன சொல்ல வந்துதுண்ணு புரிஞ்சுது.”

“அந்த ஆள் மேல உங்களுக்குக் கோபமே வரலையா?”

“வராம? பல வருசம் வந்துது. அவருக்க வீட்டு முன்னால போய் நிண்ணு கத்தணும் எண்ணு மெட்ராசுல ஹாஸ்டல்ல கெடந்து யோசிப்பேன். அப்பம் ஒரு நாள் வேற மாதிரி தோணிச்சு. அந்த மேசையச் சுத்தி ஊரு நிக்காம, ஆபீசரு மட்டும் இருந்து, அதுவும் கேட்ட உடனே மறந்துபோற ஒரு ஆபீசரு இருந்திருந்தா, மாமா அந்த வெரல எடுத்திருப்பாரா?” அக்கா ஐஸ் பிளான்ட் படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தார். “அந்த ஆபீசரைத்தான் நாம செஞ்சு வச்சிருக்கோம்.”

முதல் பெட்டி ஏன் அந்த வீட்டுக்குப் போனது என்று எனக்கு அப்போது புரிந்தது. பொய் சொல்லிவிட்டுப் போன அப்பாவுக்காக அக்கா அதைக் கட்டினார் என்றே பதினோரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல வந்து சொல்ல முடியாமல் போன ஒருவருக்காகக் கட்டியிருக்கிறார். இப்படி ஒரு மனுஷியோடு வேலை செய்கிறேன் என்பதை அன்றைக்கு மாடிப்படி ஏறும்போது பெருமையாக நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து, நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். ஊரில் எல்லாரும் பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். அக்காவின் அப்பாவுக்குக் கல்லறை இல்லை. அக்காவின் அம்மா ஒவ்வொரு வருடமும் கடற்கரையில் மேற்கே பார்த்து ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைப்பார்.

அன்று காலை ஒன்பது மணிக்கு வென்சிலாஸ் எங்கள் மாடிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“கடல் நல்லாக் கெடக்கு. அம்மையக் கூட்டிட்டு வா பிள்ளே. வள்ளத்தத் தள்ளியாச்சு” என்றார்.

அக்கா செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு அவர் பின்னால் இறங்கிப் போனார்.

சன்னல் வழியாகப் பார்த்தேன். அக்காவின் அம்மாவை வென்சிலாஸ் கையைப் பிடித்து வள்ளத்தில் ஏற்றினார். அம்மாவின் மடியில் ஒரு பை நிறையப் பூ இருந்தது. வள்ளம் அலையைத் தாண்டியதும் நான் சன்னலை விட்டு வந்து பலகையைப் பார்த்தேன். முதலாம் எண் விளக்கு வெள்ளையிலிருந்து பச்சைக்கு மாறியது.

மத்தியானம் வரை அந்தப் பச்சை விளக்குக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் எங்கே நின்றார்கள், எந்த இடத்தில் பூவைப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கத்தான் அதைக் கட்டினோம்.